மதியச் சாப்பாடு: திருச்சி வழியாக ஒரு சின்ன வரலாறு

போன கோடை லீவில் தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்கு இரண்டு மாதம் ட்ரெய்னிங் போனேன். பி.காம். படிக்கிறவனுக்கு அங்கே கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது என்றார்கள். பேலன்ஸ் ஷீட் கற்றுக்கொண்டேனோ இல்லையோ, ஏழு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதை நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

முதல் ஆபத்து, மூடி. காலையில் சூடாக ரசம் ஊற்றி அழுத்தி மூடிய எவர்சில்வர் டப்பா மதியம் லேசில் திறக்காது. கை மாறிக் கை மாறி மூன்றாவது ஆளிடம் போகும்போது 'டப்'பென்று திறந்துகொள்ளும். ரசத்தில் பாதி, யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரரின் பர்ச்சேஸ் பில் மேல். அந்த பில்லில் இன்றைக்கும் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருக்கலாம்.

இரண்டாவது ஆபத்து, "ஒரு வாய் குடுப்பா". இது டி.டி.எஸ். மாதிரி. நம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்தம் செய்துவிடுவார்கள். உருளைக்கிழங்கு ரோஸ்ட் கொண்டுபோன அன்று எனக்கு மிஞ்சியது டப்பாவின் மூலையில் ஒட்டிய மூன்று துண்டு. ரீஃபண்டாக வந்தது பாகற்காய்.

மூன்றாவது, பாராட்டு. சீனியர் வீட்டு வத்தக்குழம்பை "பிரமாதம் சார்" என்று ஒருநாள் மரியாதைக்குச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அந்தக் குழம்பு வந்த நாளெல்லாம் ஒரு கரண்டி என் தட்டில் விழுந்தது. புளியும் உப்பும் போட்டிபோடும் குழம்பு. பாராட்டியவன் நான், அனுபவித்தவனும் நானே.

நான்காவது ஆபத்து வாசனை. ஏ.சி. ரூம், ஜன்னல் திறக்காது. யார் டப்பாவில் பூண்டு, யார் டப்பாவில் முட்டை என்று மூடி திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். இதை வைத்துத்தான் ஆபீஸில் அதிகக் கிண்டல் நடக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். மேசையில் ஏழு பேர், ஆபீஸில் எட்டுப் பேர். டேட்டா என்ட்ரி பார்க்கும் அக்கா ஒருவர் ஒன்றரை மணிக்குத் தன் டப்பாவோடு பின்பக்கம் பழைய ஃபைல் அடுக்கியிருக்கும் ரூமுக்குப் போய்விடுவார். பதினைந்து நிமிஷத்தில் சோம்பு மென்றுகொண்டே திரும்பி வருவார். "ஏன் அங்கே?" என்று கேட்டதற்கு ஒரு சீனியர், "அவங்க கருவாடு அது இதுன்னு கொண்டாருவாங்கப்பா. அவங்களாவே போயிடுவாங்க" என்றார். யாரும் போகச் சொல்லவில்லை, 'அவங்களாவே'. அந்த ஒரு சொல் எனக்கு உறுத்தியது.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். இந்த 'அவங்களாவே' எவ்வளவு பழையது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை, எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

*

முதலில் ஓர் அடிப்படை விஷயம். ஆபீஸில் மதியம் சோறு சாப்பிடும் பழக்கமே நம் ஊரில் ரொம்பப் பழையது இல்லை. ஸ்ரீரங்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், ரயில்வே என்று ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போன குமாஸ்தாக்கள் பத்து மணி ஆபீஸுக்கு ஒன்பது மணிக்கே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். குழம்பு, ரசம், மோர் எல்லாம் காலையிலேயே. மதியத்துக்கு ஏதாவது டிபன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி.

இதற்கு ஆபீஸ் நேரம் மட்டும் காரணமில்லை. எங்கள் பாட்டி காலத்து வீடுகளில் 'பத்து' என்று ஒரு சட்டம் உண்டு. வேகவைத்த சோறு பத்து. அதைத் தொட்ட கையால் தயிர்ச்சட்டியைத் தொடக்கூடாது, நெய்க்கிண்ணத்தைத் தொடக்கூடாது. கை கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. குளித்து மடியாகச் சமைத்து, வீட்டுக்குள் உட்கார்ந்து, தன் ஆட்களோடு சாப்பிட வேண்டியது சோறு. அதைத் தூக்குச்சட்டியில் அடைத்து, நாலு பேர் தொட்ட ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்து, யார் எவரென்று தெரியாதவர்களுக்கு எதிரில் சாப்பிடுவதா! அதனால் வேலைக்குப் போகும் முன்பே சோற்றுக்கணக்கை முடித்துவிடுவது வசதியாக இருந்தது. பலகாரத்துக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. விரத நாளிலேயே சோறு கூடாது, பலகாரம் கூடும் என்பார்கள். இட்லி, தோசை, உப்புமா எல்லாம் 'டிபன்' என்ற பெயரில் வீட்டுப்படி தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'டிபன்' என்ற சொல்லே இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் மதியத்தில் கொறித்த சிறு உணவுக்கு வைத்த பெயர்தான். அவர்கள் ஊரில் அது மறைந்துபோய்விட்டது. நம்மிடம் வந்து டிபன் பாக்ஸ், டிபன் கேரியர், டிபன் சென்டர் என்று குடும்பம் குட்டியோடு செட்டிலாகிவிட்டது.

இது ஒரு சாதியின் சட்டம் மட்டுமல்ல. யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிடலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம் என்பதற்கு ஒவ்வொரு சாதியிலும் கணக்கு இருந்தது. கணக்கின் அடிமட்டத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு எந்தப் பந்தியிலும் இடமில்லை.

*

ரயில் வந்தது இந்தக் கணக்கைக் குழப்பியது. சவுத் இந்தியன் ரயில்வேக்குத் தலைமையிடம் திருச்சி. நாகப்பட்டினத்தில் இருந்த அதன் பெரிய ஒர்க்‌ஷாப் 1920களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. ரயில் பெட்டியில் டிக்கெட் வாங்கிய யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். ஆனால் வண்டி நின்று இறங்கிச் சாப்பிடப் போனால் கதை வேறு. ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று பிரித்திருந்தார்கள். ஒரே எஞ்சின் இழுத்து வந்த ஜனங்கள், சாம்பாருக்கு மட்டும் இரண்டாகப் பிரிந்தார்கள்! பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் இதை விடாமல் எதிர்த்தார்கள். 1941ல்தான் ரயில் நிலையங்களில் இந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. என் தாத்தா பிறந்ததே அதற்கு முன்னால். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அந்தக் காலம்.

*

இனி நான் தேடியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கதை. இரண்டு பேர். இரண்டு பேரும் நம்ம ஊர்க்காரர்கள்.

ஒருவர் வ.வே.சு. ஐயர். 1881ல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிக்க லண்டன் போய், புரட்சிக்காரராகி, போலீஸுக்குத் தப்பி 1910ல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இன்னொருவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். 1880ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். பர்மாவில் வேலை பார்த்து, அங்கிருந்து மேற்படிப்புக்கு லண்டன் போனவர்.

1909 அக்டோபர் 24. லண்டனில் இந்திய மாணவர்கள் விஜயதசமி விருந்து ஒன்று ஏற்பாடு செய்தார்கள். தலைமை தாங்க, அப்போது தென்னாப்பிரிக்கப் பிரச்னைக்காக லண்டன் வந்திருந்த காந்தி. சைவச் சாப்பாடுதான் போட வேண்டும், சர்ச்சைக்குரிய அரசியல் பேசக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அவர் ஒத்துக்கொண்டார். சமையல் மாணவர்களே செய்தார்கள், அதில் ராஜனும் ஒருவர். மதியம் சமையல் நடக்கும்போது ஒல்லியான ஒரு மனிதர் வந்து, கேட்காமலே பாத்திரம் கழுவி, காய் நறுக்கி உதவினாராம். சாயங்காலம் ஐயர் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர்தான் அன்றைய தலைவர் காந்தி என்று! ராஜன் இதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். யார் சமைத்தது, யார் கழுவியது, யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி அன்றைக்கு அந்த மேசையில் எழவே இல்லை.

பதினாறு வருஷம் கழித்து அதே கேள்வி இந்த இருவரையும் விரட்டிப் பிடித்தது.

ஐயர் 1922ல் திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் ஒரு தேசியப் பள்ளி தொடங்கினார். குருகுலம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கலாம். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. ஐயர் சாதி பார்த்துச் சாப்பிடுகிறவர் இல்லை. ஆனால் இரண்டு பிராமணப் பையன்களின் பெற்றோர், தங்கள் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட வேண்டும் என்று கேட்டார்கள். ஐயர் ஒத்துக்கொண்டார். இரண்டே இரண்டு பையன்கள், இரண்டு இலை.

விஷயம் வெளியே வந்தது. 1924ன் கடைசியிலும் 1925லும் மாகாணமே இதைப் பற்றிப் பேசியது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டது எளிமையான கேள்வி: பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில், நாட்டு விடுதலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடத்தில், தனிப்பந்தி எதற்கு? ஐயர் சொன்ன பதில்: பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். காந்தியிடம் போனது வழக்கு. அவர், அந்த இரண்டு பையன்கள் விஷயத்தில் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் சேரும் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்று நடுவழி சொன்னார். யாருக்கும் திருப்தி இல்லை.

1925ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில், தேசிய இயக்கத்தைச் சேர்ந்த எந்த அமைப்பிலும் பிறப்பால் ஏற்றத்தாழ்வு பாராட்டக்கூடாது என்ற தீர்மானத்தை எஸ். ராமநாதன் கொண்டுவந்தார். நிறைவேறியது. இதையெல்லாம் தீர்மானம் போட்டுத் திணிக்க முடியாது என்று சொல்லி ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியை விட்டு விலகினார்கள். விலகியவர்களில் ஒருவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். லண்டனில் பொதுச் சமையல் செய்த அதே ராஜன்.

அந்த ஜூன் மாதம் 3ஆம் தேதி, பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் பாய்ந்து, மகளோடு ஐயரும் போய்விட்டார். வயது 44. அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் உடனடிக் காரணம்தான். ஆனாலும் சேரன்மாதேவி இலைகளை விட்டுவிட்டு அந்த விலகலைப் புரிந்துகொள்ள முடியாது. அப்புறம் தமிழ்நாட்டு அரசியல் எந்தப் பக்கம் திரும்பியது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதில் எனக்கு உறைத்தது இதுதான். ஐயர் கெட்டவர் இல்லை. அவருக்கே அந்தப் பழக்கமும் இல்லை. "அவர்கள் கேட்டார்கள், தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று விட்டுவிட்டார். நஷ்டம், மற்ற இலைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு. தங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவனுக்குத் தீட்டு என்று ஒவ்வொரு வேளையும் அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லப்பட்டது. சண்டை சாப்பாட்டைப் பற்றியதே இல்லை, பந்தியைப் பற்றியது.

ராஜனின் கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது திருச்சியில் அவருடைய வீட்டிலிருந்துதான். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் பாத்திரம் பாத்திரமாகப் புதைத்துவைத்து இடத்தைச் சாடையாகச் சொன்னார்கள். யார் வீட்டுச் சோறு என்று தெரியாது. எல்லோரும் சாப்பிட்டார்கள். தீர்மானத்தால் வராதது பசியால் வந்தது போலிருக்கிறது.

*

பெரியவர்களின் பந்தி இப்படி இழுபறியாக இருந்தபோது, சின்னவர்களின் பந்திதான் நிஜமாகவே மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1920களிலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள். 1950களில் காமராஜர் அதை மாகாணம் முழுவதும் கொண்டுபோனார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் எது தெரியுமா? நம்ம திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சி!

இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடை, ஊட்டச்சத்து, பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை என்று எழுதுவார்கள். எல்லாம் முக்கியம்தான். ஆனால் அதில் கணக்கில் வராத ஒரு வரவு இருக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் தினமும் தட்டோடு ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். சேரன்மாதேவியில் முடியாதது அரசுப் பள்ளித் திண்ணையில் தினப்படி நடந்தது.

முழுசாக நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 2018ல் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், தலித் பெண் சமைக்கக்கூடாது என்று சிலர் சண்டைபோட்டு, அந்தச் சமையலரை முதலில் இடமாற்றமும் செய்தார்கள். பலத்த எதிர்ப்புக்குப் பிறகுதான் அது மாறியது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012ல் ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருப்பதை எதிர்த்து திராவிடர் கழகத்தார் போராடினார்கள். அதே 2012ல்தான் அரங்கநாதர் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. யார் என்று யாரும் கேட்பதில்லை, வரிசையில் நின்றால் இலை. ஒரே ஊர், ஒரே வருஷம், சோற்றைப் பற்றி இரண்டு செய்தி!

ஸ்ரீரங்கத்தில் ராமானுஜரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவர் காஞ்சிபுரத்தில் இருந்த காலம். தான் குருவாக நினைத்த திருக்கச்சி நம்பியைச் சாப்பிட அழைத்தார். நம்பி பிராமணர் இல்லை. அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிட வேண்டும் என்பது ராமானுஜருக்கு ஆசை. அழைத்துவர அவர் ஒரு வழியாகப் போக, நம்பி வேறு வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டு அம்மாள் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு, கணவருக்குப் புதிதாகச் சமைத்துவைத்திருந்தார். ராமானுஜர் மனம் உடைந்துபோனார். அவர் வீட்டைத் துறந்து பின்னால் ஸ்ரீரங்கம் வந்ததற்கு இதையும் ஒரு காரணமாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கோயிலில் இந்தக் கதையை உருகிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இலையை எங்கே போடுவது என்று யோசிக்கிறவர்கள் நாம்.

*

சரி, ஆபீஸுக்குத் திரும்புவோம். என் ட்ரெய்னிங் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்த அக்காவிடம் போய், "அக்கா, இங்க வந்து உக்காந்து சாப்பிடுங்களேன்" என்றேன். அவர் சிரித்தார். "வேணாம் தம்பி. உங்களுக்கெல்லாம் கஷ்டம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் வசதிக்காகச் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. ரசம் கொட்டிய பில்லுக்கும் பாகற்காய்க்கும் வாய் கிழியச் சிரித்தவன்தான் நான்.

மறுநாள் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த ஃபைல் ரூமுக்குப் போனேன். தயிர்சாதம், வடுமாங்காய். அவர் டப்பாவில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. நேர்மையாகச் சொன்னால், வாசனை எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கருவாடு சாப்பிடவும் இல்லை. பக்கத்தில் உட்காருவதற்கு அதைச் சாப்பிட வேண்டியதில்லையே. வடுமாங்காயில் இரண்டை அவர் எடுத்துக்கொண்டார். பிடித்தம் போக எனக்கு ஒன்றுதான் மிஞ்சியது. மூன்றாம் நாள் ஆர்ட்டிகிள் பையன் ஒருவனும் தன் டப்பாவோடு வந்துவிட்டான். பெரிய புரட்சி எல்லாம் இல்லை, அவன் கொண்டுவந்தது முட்டைப் பொரியல். அவ்வளவு நாளாக அதைத் தோசைக்குள் மறைத்து மறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம்!

நான் வந்த பிறகு அந்த மேசையில் எட்டு நாற்காலி போட்டார்களா என்று தெரியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு இலை தனியாகப் போட்டதற்கு ஒரு மாகாணமே சண்டைபோட்டது. இன்றைக்கு ஒரு டப்பா தனியாகப் போவதை நாம் கவனிப்பதுகூட இல்லை, 'அவங்களாவே' என்று சொல்லிவிடுகிறோம். உங்கள் ஆபீஸிலோ காலேஜ் கேன்டீனிலோ நாளைக்கு மதியம் மூடி திறக்கும்போது ஒரு தடவை தலையை எண்ணிப் பாருங்கள்.

டிஸ்கி: வத்தக்குழம்பு சார் இதைப் படித்தால், அந்த 'பிரமாதம்' மரியாதைக்குச் சொன்னதுதான். மன்னிக்கவும்.